பெற்றோர் தரும் பணத்தில் முதல் வீடு: அன்பளிப்பா, கைமாற்றா, கூட்டுப் பத்திரமா?

சென்னையில் முதல் வீடு வாங்க முயல்பவர்கள் என்னிடம் கேட்பவற்றில் வட்டி விகிதம் பற்றிய கேள்வி குறைவு. "அப்பா ரிட்டையர்மெண்ட் பணத்திலிருந்து பத்து லட்சம் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா? பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்த்தால் நல்லதா?" என்பதே, ஆளுக்கு ஆள் சொற்கள் மாறினாலும், திரும்பத் திரும்ப வரும் கேள்வி. கேட்பவர் மகனாக இருந்தால் பின்னணியில் ஒரு தங்கையின் திருமணம் இருக்கும். மகளாக இருந்தால் புகுந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் இருக்கும்.

எங்கள் வீட்டை வாங்கியபோது என் அப்பா ஆறு லட்சம் கொடுத்தார். அது என்ன பணம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துத் தங்கைக்கு வரன் அமைந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த கை தட்டிலேயே காய்ந்துகொண்டிருக்க, "அந்த ஆறு லட்சத்தில் இப்போது எவ்வளவு புரட்ட முடியும்?" என்று கேட்டார். நான் அன்பளிப்பு என்று நினைத்திருந்ததை அவர் கைமாற்று என்று நினைத்திருந்தார்; இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்தேன், மூன்று ஆண்டுகளில் அடைத்தேன். கேட்கக் கூசிய அவருடைய முகம்தான் இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுவே.

## முதலில் கணக்கு

குரோம்பேட்டைப் பக்கம் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்கக வீட்டைப் பார்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் 80 விழுக்காடு வரையிலும், அதற்கு மேல் 75 விழுக்காடு வரையிலும்தான் வங்கி கொடுக்க முடியும். இந்த வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கும். 12 லட்சம் நாம் போட வேண்டும்.

பலர் இத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. முழு விலைக்கும் பதிவு செய்தால் 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் வங்கி இந்தச் செலவை வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடாது. கைப்பணத்தில்தான் கட்ட வேண்டும். (கட்டுநரிடமிருந்து நேரடியாக வாங்கும் புதிய அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்குத் தீர்வை இதைவிடக் குறைவு.) வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் செயல்பாட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 18 லட்சம் கையில் இருந்தாக வேண்டும். கணவனும் மனைவியும் சேர்த்தது 8 லட்சம் என்றால், குறைவது 10 லட்சம். இந்தப் பத்து லட்சத்தை எந்தப் பெயரில் வாங்குவது என்பதே இனி வரும் ஒப்பீடு.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

பெற்றோரின் மாத வருமானம் எவ்வளவு குறைகிறது என்பது முதல் அளவுகோல். இதில் தேறாத வழியை மற்றவற்றில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் பரிந்துரைப்பதில்லை. அடுத்து, வங்கி அந்தப் பணத்தை எப்படிப் பார்க்கும் என்பது. மூன்றாவது வருமான வரி. நான்காவது, உடன்பிறந்தவர்களுக்கு நியாயமாக இருக்கிறதா என்பது. ஐந்தாவதாக, மரணமோ மணமுறிவோ நேர்ந்தால் அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேரும் என்பது. இந்தக் கடைசிக் கேள்வியை நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நேரத்தில் யாரும் எழுப்ப விரும்புவதில்லை; ஆனால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு எழுப்பிப் பயனில்லை.

முதல் அளவுகோலை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்றவர்களின் பணம் பெரும்பாலும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கும். அதன் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடு ஆனது. அந்த விகிதத்தில் போட்ட 10 லட்சத்துக்குக் காலாண்டுக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வருகிறது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் தொடக்கத்தில் பாஸ்புக்கை நீலப் பையில் வைத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய்வரும் அம்மாக்களை மேற்கு மாம்பலத்தில் இன்றும் பார்க்கலாம். மருந்துக் கடை பாக்கியும் பேரப் பிள்ளையின் பிறந்தநாள் உடுப்பும் அந்த 20,500இல்தான் அடங்கும். கணக்கை முன்கூட்டியே மூடினால் அசலில் ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரை பிடித்தமும் உண்டு. ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடையாது.

வீட்டுக் கடனின் வட்டி 8.5 விழுக்காடு என்றால், அம்மாவின் 8.2 விழுக்காட்டுப் பணத்தை எடுத்துக் கடனைக் குறைப்பதால் குடும்பத்துக்கு மொத்தமாக மிஞ்சுவது பத்து லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 ரூபாய். எனவே குறைந்தபட்ச சொந்தப் பங்கைத் தாண்டி "இன்னும் ஐந்து லட்சம் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்" என்று பெற்றோர் சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் விதிக்கக் கூடாது என்பதால், அவர்களுடைய வைப்பு முதிரும்போது தேவைப்பட்டால் வாங்கி அடைத்துக்கொள்ள வழி திறந்தேதான் இருக்கிறது.

| | அன்பளிப்பு | கைமாற்று | கூட்டுப் பத்திரம் |
|---|---|---|---|
| பெற்றோரின் வருமானம் | நின்றுபோகும் | வட்டி கொடுத்தால் தொடரும் | நின்றுபோகும். சொத்தில் பங்கு உண்டு |
| வங்கியின் பார்வை | சிக்கல் குறைவு | கடன் தகுதி குறையும் | பெற்றோரும் கையெழுத்திட வேண்டும் |
| பெறுபவருக்கு வரி | உறவினர் என்றால் இல்லை | இல்லை | இல்லை |
| உடன்பிறந்தவர்கள் | உயில் இல்லையேல் மனக்கசப்பு | தெளிவு | பின்னாளில் அவர்களும் பங்குதாரர் |
| திரும்பப் பெறுதல் | இயலாது என்றே கொள்ள வேண்டும் | உண்டு, காலவரம்புக்குள் | பங்கை விற்றோ எழுதிக் கொடுத்தோ |

## அன்பளிப்பாக வாங்குவது

வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் விளக்கிச் சொல்ல எளிய வழி இது. உறவினரிடமிருந்து பெறும் அன்பளிப்புக்குத் தொகை வரம்பின்றி வரி கிடையாது. மற்றவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் பெறுவது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி உண்டு. இங்கே "உறவினர்" என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் நம் வீட்டில் வழங்கும் பொருளும் வேறு வேறு. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமா, பெரியம்மா, சித்தி, மாமனார், மாமியார், மைத்துனர் எல்லாரும் அதில் அடங்குவர். பெரியப்பாவின் மகனை நாம் அண்ணன் என்றே அழைக்கிறோம், சட்டம் அப்படி அழைப்பதில்லை. பெரியப்பா மூன்று லட்சம் கொடுத்தால் வரியில்லை. அதே மூன்று லட்சத்தை அவருடைய மகன் கொடுத்தால் முழுவதும் உங்கள் வருமானம். உங்கள் திருமணத்தை ஒட்டி உங்களுக்கு வந்த அன்பளிப்புக்கு யார் கொடுத்தாலும் விலக்கு உண்டு என்பதால், மொய் நோட்டைப் பரணில் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு வர வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுக்கிறது, அன்பளிப்பும் அதற்கு விதிவிலக்கல்ல. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம். கடன் விண்ணப்பத்தோடு ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அறிக்கையில், 41,000 சம்பளமும் 16,000 வாடகையுமாக ஓடிக்கொண்டிருந்த வரிகளுக்கு நடுவே திடீரென நின்ற 10,00,000 என்ற எண்ணைக் கிளை அதிகாரி சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அப்பா எழுதிய அன்பளிப்புக் கடிதமும், அவர் வைப்புத் தொகையை மூடியதற்கான ரசீதும், இருவரின் பான் அட்டை நகல்களும் சேர்ந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அதற்குள் பதினொரு நாட்கள் போயிருந்தன. பண அன்பளிப்பைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் யார், யாருக்கு, என்ன உறவு, எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், திரும்பக் கேட்கும் எண்ணம் இல்லை என்ற விவரங்களோடு முத்திரைத் தாளில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுவது அவசியம்.

மறைந்திருக்கும் செலவுகள் கொடுப்பவர் பக்கம்தான் அதிகம். அப்பா செங்கல்பட்டில் ஒரு மனையை விற்றுப் பணம் தருகிறார் என்றால், மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) அவருடைய தலையில். அதிலிருந்து விலக்குப் பெற வேறொரு வீட்டில் முதலீடு செய்ய வேண்டும். அந்த வீடு மகன் பெயரில் இருந்தால் விலக்குக் கேட்பது வழக்காடும் விஷயமாகிவிடும். மாமனார் தன் மருமகளுக்குக் கொடுத்து, அவள் அதில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், அந்தப் பணத்துக்குரிய வாடகை மாமனாரின் வருமானத்தில் சேரும்; மாமனார் மருமகனுக்குக் கொடுத்தால் அப்படிச் சேராது.

மகளுக்குக் கொடுக்கும் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, பிள்ளைகள் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவளுடைய சொத்து கணவனுக்கும், கணவன் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கும் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசாக அவள் அடைந்த சொத்து மட்டும்தான் பிறந்த வீட்டுக்குத் திரும்பும். உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாகக் கொடுத்தது அந்த விதிவிலக்கில் வராது. மகன் விஷயத்தில், அவன் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு, தந்தைக்கு இல்லை. எனவே அன்பளிப்பு வாங்கும் மகனோ மகளோ, வீடு பதிவான அதே மாதத்தில் ஓர் உயில் எழுதிவிடுவதுதான் பெற்றோருக்குச் செய்யும் முதல் மரியாதை என்று நான் கருதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுத் தரும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வரதட்சணை, கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

உடன்பிறந்தவர்களைப் பொறுத்தவரை, ஒரு பிள்ளைக்கு முன்பே கொடுத்ததைப் பின்னாளில் பாகம் பிரிக்கும்போது இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகக் கழித்துக்கொள்ளாது. "மூத்தவனுக்கு வீட்டுக்கு 10 லட்சம் கொடுத்துவிட்டேன், ஆகையால் வைப்புத் தொகை இளையவளுக்கு" என்று பெற்றோர் உயிலில் எழுதினால்தான் உண்டு. பெற்றோருக்கு ஓய்வூதியம் தனியாக வந்து, இந்தப் பணம் இல்லாமலும் மாதம் நகரும் என்ற நிலையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தே கொடுக்கிறார்கள் என்ற நிலையும் சேர்ந்திருந்தால் அன்பளிப்பே சிறந்த வழி.

## கைமாற்றாக வாங்குவது

பெற்ற பிள்ளையிடம் எழுதி வாங்குவதா என்று பெற்றோரும், எழுதிக் கொடுத்தால் அந்நியப்பட்டுவிடுவோமோ என்று பிள்ளைகளும் கூசுவதால் இந்த வழி பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறது. எழுதப்பட்ட கைமாற்று ஒரு குடும்பத்தைப் பிரித்து நான் பார்த்ததில்லை. எழுதப்படாதது பிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோ நோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் சீட்டு) போதும். ஆனால் அதை வைத்து வழக்குப் போடக்கூடிய காலவரம்பு மூன்று ஆண்டுகள். அதற்குள் கொடுத்த தொகையை நோட்டின் பின்புறம் தேதியிட்டு வரவு வைத்துக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். நம் தாத்தாக்கள் காலத்துப் பழக்கம் சட்டத்தோடு ஒத்துப்போகிற இடம் இது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகப் பெறுவதும் திருப்புவதும் வங்கி வழியாகவே நடக்க வேண்டும். வட்டியில்லாக் கடனுக்கு வாங்குபவரிடம் வரி இல்லை. வட்டி கொடுத்தால் அது பெற்றோரின் வருமானமாகும். அவர்கள் வரி வரம்புக்குள் இருந்தால் பாதிப்பில்லை. பழைய வரி முறையில் இருப்பவர்கள் வீடு வாங்கக் குடும்பத்தாரிடம் பெற்ற கடனின் வட்டிக்கும் கழிவு கேட்கலாம், அசலுக்குக் கேட்க முடியாது.

இதன் மறைமுகச் செலவு வங்கியில் இருக்கிறது. 48 லட்சத்துக்கு 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். அம்மாவுக்குக் காலாண்டு வட்டி 20,500ஐ மட்டும் கொடுத்துவந்தாலும் மாதத்துக்குச் சுமார் 6,830 கூடும். அசலையும் சேர்த்து 8 விழுக்காட்டில் 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால் 12,130 கூடும். வங்கி இதை ஏற்கெனவே உள்ள கடனாகக் கழித்துக்கொண்டுதான் தகுதியைக் கணக்கிடும். சொந்தப் பங்கே கடனாக வந்ததா என்று தயங்கவும் கூடும். இதனால் சிலர் வங்கிக்கு அன்பளிப்புக் கடிதமும் வீட்டுக்குள் புரோ நோட்டுமாக இரண்டு காகிதங்கள் தயாரிக்கிறார்கள். இதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். வங்கிக்குக் கொடுத்தது பொய்யான உறுதிமொழி ஆகிறது. பின்னாளில் அம்மா பணத்தைக் கேட்க நேர்ந்தால் அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கும்.

தங்கையின் படிப்போ திருமணமோ பாக்கி இருக்கும் வீட்டிலும், அந்த வட்டியை நம்பியே பெற்றோர் வாழும் வீட்டிலும், இந்தத் தவணையைத் தாங்கும் சம்பளம் இருந்தால், கைமாற்றுதான் சரி. கொடுக்கும் தேதியையும் அஞ்சலகத்தில் வந்த அதே தேதியாக வைத்துக்கொண்டால் அம்மாவின் மாதக் கணக்கு குலையாது.

## பத்திரத்தில் பெற்றோர் பெயரையும் சேர்ப்பது

அன்பளிப்பில் இல்லாத பாதுகாப்பு இதில் பெற்றோருக்குக் கிடைக்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் போட்ட பணத்தின் விகிதத்தில் உரிமை என்று கொள்ளப்படும், அதை நிரூபிக்க இருபது ஆண்டுக்கு முந்தைய வங்கி அறிக்கையைத் தேட வேண்டியிருக்கும். விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 விழுக்காடு வரிப் பிடித்தம் செய்து செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு; வாங்குபவர் இருவர் என்றால் இருவரும் தனித்தனியாகப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

பெரும்பாலான வங்கிகள் உரிமையாளர் எல்லாரையும் கடனிலும் கையெழுத்திடச் சொல்கின்றன. அதாவது 62 வயது அப்பா, தன் பத்து லட்சத்தைக் கொடுத்ததோடு 48 லட்சக் கடனுக்கும் பொறுப்பாளி ஆகிறார். அவர் உயில் எழுதாமல் மறைந்தால் அவருடைய பங்கு முழுவதும் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தோர் அனைவருக்கும் பிரியும். பிறகு வீட்டை விற்க வாரிசுச் சான்றிதழும் அனைவரின் கையெழுத்தும் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வரும் வரை காத்திருந்த குடும்பங்கள் நம் நகரில் ஏராளம். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது) செட்டில்மெண்ட் பத்திரமோ (விலையின்றிச் சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுதத் தமிழ்நாட்டில் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. செலவு பெரிதல்ல, கையெழுத்துக் கிடைப்பதுதான் பெரிது.

பெற்றோர் தங்கள் வாடகை வீட்டை விட்டுவிட்டு உங்களோடு வந்து வாழப் போகிறார்கள் என்றாலோ, அவர்கள் போடும் பணம் வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெரியது என்றாலோ, இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். அறுபது லட்சத்தில் பத்து லட்சத்துக்காக இத்தனை பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை. முதிய பெற்றோரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யக் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தை அணுக 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஏற்கெனவே உள்ள வீட்டையோ மனையையோ பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதும் பெற்றோர் அந்த நிபந்தனையை வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது.

## இப்போதைக்கு வாங்காமல் இருப்பது

இதையும் ஒரு வழியாகவே வைத்து எடை போட வேண்டும். மாதம் 25,000 சேர்க்க முடிந்தால் பத்து லட்சத்துக்கு மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகும். அதுவரை வாடகை போகும், விலையும் ஏறலாம். வாடகை வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும் என்று பலர் அதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். வீட்டைக் காலி செய்த பிறகுதான் அது கைக்கு வரும், பத்திரச் செலவோ அதற்கு முன்பே வந்துவிடும் என்பதால் அதைச் சேர்க்காதீர்கள். அதே பகுதியில் 45 லட்சத்துக்குச் சிறிய வீடு கிடைத்தால், 80 விழுக்காட்டுக் கடன் போக 9 லட்சமும் பத்திரச் செலவு 4 லட்சத்து 5 ஆயிரமுமாகத் தேவை 13 லட்சத்துச் சொச்சமாகக் குறைகிறது. கையில் 8 லட்சம் இருப்பவர்கள் பெற்றோரைத் தொடாமல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அங்கே போய்ச் சேர முடியும்.

சென்ற மாதம் கேட்ட ஒருவருடைய அம்மா தனியாக இருக்கிறார். அப்பாவின் பணிக்கொடையில் மிஞ்சிய 15 லட்சம்தான் அவருடைய மொத்தக் கையிருப்பு, குடும்ப ஓய்வூதியம் கிடையாது. "எனக்கு என்னடா செலவு, எடுத்துக்கோ" என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தார். 15 லட்சத்தில் காலாண்டுக்கு 30,750 வருகிறது. பத்தை எடுத்தால் 10,250 ஆகிவிடும், மாதத்துக்கு 3,400 ரூபாய். அம்மாவின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று மருந்துக் கடைச் சீட்டைப் பார்த்துவிட்டு எழுதச் சொன்னேன். 2,900 என்று பதில் வந்தது. அவரைச் சிறிய வீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.